தகவமைவா, தகவமைப்பா?

பறவைக் காய்ச்சல் பரவும்போதெல்லாம் 'வைரஸ் கோழிகளுக்கு ஏற்பத் தன்னைத் தகவமைத்துக்கொண்டது' என்னும் தொடரும் கூடவே பரவுகிறது. எத்தனையாவது முறையாக இதைப் படிக்கிறேன் என்று தெரியவில்லை. பொருளைக் கெடுக்கும் தொடர் என்பதால் எழுத வேண்டியதாயிற்று.

உயிரினம் சூழலுக்குப் பொருந்திவருவதைக் குறிக்கும் 'அடாப்டேஷன்' என்பதைத் தமிழில் 'தகவமைப்பு' என்கிறார்கள். ஆங்கிலச் சொல்லின் வேர், பொருத்துதலைக் குறிக்கும் இலத்தீன் வினை. நம் 'தகவு' பொருத்தத்தையும் தகுதியையும் குறிக்கும் பழஞ்சொல். 'தக்கார் தகவிலர்' என்று குறளிலேயே வருகிறது. ஆகவே முற்பாதியில் குறையில்லை. சிக்கல் 'அமைப்பு' என்பதில்தான்.

அமைதல் தன்வினை, அமைத்தல் பிறவினை. காடு தானே அழிந்தால் அழிவு, ஒருவர் அழித்தால் அழிப்பு. அப்படியிருக்க, அமைப்பவர் எவரும் இல்லாத இடத்தில் 'அமைத்து' என எழுதி, போதாக்குறைக்குத் 'தன்னை' என்றும் 'கொண்டது' என்றும் சேர்த்தால், வைரஸ் திட்டமிட்டுச் செயல்பட்டதாகவே வாசகர் கொள்வார். நடப்பது வேறு. பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் இன்ஃபுளுவென்சா வைரஸின் மரபுப்பொருளைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழைதிருத்தும் திறன் இல்லாததால், காட்டு வாத்தின் குடலில் பெருகினாலும் கோழியின் மூச்சுக்குழாயில் பெருகினாலும் படிகளில் பிழைகள் நேர்ந்துகொண்டே இருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை வீணாகிப்போக, புதிய பறவையின் உடலில் தற்செயலாக நன்கு பெருகக்கூடியவை மட்டும் மிஞ்சிப் பண்ணையை நிறைக்கின்றன. 1997இல் ஹாங்காங்கில் கோழிகளையும் மனிதர்களையும் தாக்கிய எச்5என்1 வகைப் பறவைக் காய்ச்சல் வைரஸில், அதன் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் நியூராமினிடேஸ் புரதத்தின் தண்டு 19 அமினோ அமிலங்கள் குறைந்து குட்டையாக இருந்தது. நீர்ப்பறவைகளின் வைரஸ்கள் கோழியிலும் வான்கோழியிலும் நிலைகொள்ளும்போது இத்தகைய குறுக்கம் மீண்டும் மீண்டும் காணப்படுகிறது. எந்த வைரஸும் எண்ணிச் செய்ததன்று இது.

எனவே நிகழ்வைத் தகவமைவு என்க. அதனால் வாய்த்த குட்டைத் தண்டு போன்ற பண்பை, 'உடலமைப்பு' என்பதில் போல 'அமைப்பு' கட்டமைப்பையும் குறிக்கும் என்பதால், தகவமைப்பு என்க. ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிக்கும் இரண்டையும் தமிழ் பிரித்துக் காட்டும்போது, அந்த வசதியை மொழிபெயர்ப்பாளர்கள் கைவிடுவது வருத்தமளிக்கிறது. வைரஸ் தங்கிப் பெருகும் உயிரைக் குறிக்கும் 'ஹோஸ்ட்' என்பதை மொழிபெயர்த்துக் கோழியை 'விருந்தோம்பி' என்று எழுதுவதும் இதே கவனக்குறைவுதான். அழையாமல் நுழைந்து கொல்வதை எந்தக் கோழியும் விருந்தாக ஓம்பவில்லை.

இதனினும் கேடானது 'கோழிக்குத் தகவமைக்கப்பட்ட வைரஸ்' என்னும் செயப்பாட்டுவினை. ஆய்வகத்தில் யாரோ செய்துவிட்டதாக அச்சமூட்டும் இதனைக் 'கோழிக்குத் தகவமைந்த வைரஸ்' என்று எழுதினால் போதும். தடுப்பூசிக்காக வைரஸைக் கோழிமுட்டையில் திரும்பத் திரும்ப வளர்த்து, அதில் நன்கு பெருகும் வகையைப் பெறுகிறார்களே, அங்கே மட்டும் 'முட்டைக்குத் தகவமைத்த வைரஸ்' என்பது முற்றிலும் பொருந்தும். அமைத்தவர் அங்கே உண்டு.