ஜூரிஸ்டிக்‌ஷன்: எல்லையா, அதிகார வரம்பா?

ஜூரிஸ்டிக்‌ஷன் என்ற ஆங்கிலச் சட்டச் சொல்லை நம் நாளிதழ்கள் பெரும்பாலும் ‘எல்லை’ என்றே எழுதிவிடுகின்றன. ‘இந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வராது’ என்று படிப்பவருக்கு ஊர், தாலுகா, மாவட்டம் என்று நிலப்படம்தான் கண்முன் விரியும். சொல்லின் பிறப்பில் நிலத்துக்கு இடமே இல்லை. இலத்தீனில் ‘யூஸ்’ என்றால் சட்டம் அல்லது உரிமை, ‘டிக்டியோ’ என்றால் உரைத்தல். இரண்டும் சேர்ந்த ‘யூரிஸ்டிக்டியோ’ சட்டத்தை உரைக்கும் அதிகாரத்தைக் குறித்தது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குச் சென்றது. தமிழிலும் நீதிபதி தீர்ப்பை ‘உரைக்கிறார்’ என்பதால், சொல்லின் உட்கருத்து நமக்கு அந்நியமானது அன்று.

ஒரு வழக்கைக் கேட்டு, இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பை உரைக்க ஒரு நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்பதே இச்சொல் எழுப்பும் கேள்வி. இதன் கூர்மை அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் நன்கு தெரியும். அங்கு மாநில நீதிமன்றங்கள் பொதுவாக எந்த வழக்கையும் கேட்கலாம். கூட்டாட்சி நீதிமன்றங்களோ அரசியலமைப்பின் 3ஆம் பிரிவும் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய சட்டங்களும் அளந்து கொடுத்ததை மட்டுமே தொடலாம். அந்த அளவில் இரண்டு வழிகள் முதன்மையானவை. வழக்கு கூட்டாட்சிச் சட்டத்திலிருந்து எழுந்திருக்க வேண்டும்; அல்லது வாதிகளும் பிரதிவாதிகளும் வெவ்வேறு மாநிலத்தவராக இருந்து, வழக்கின் மதிப்பு 75,000 டாலரைத் தாண்ட வேண்டும்.

முதல் வழி எத்தனை இறுக்கமானது என்பதற்கு மாட்லி தம்பதியின் வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1871இல் ஒரு ரயில் விபத்தில் காயமடைந்த அவர்களுக்கு, நஷ்டஈட்டுக்குப் பதிலாக ஆயுள் முழுவதும் இலவசப் பயணச்சீட்டு தருவதாக லூயிவில் அண்ட் நாஷ்வில் ரயில் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. 1906இல் இலவசப் பயணத்தைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் வந்ததும், அதைக் காட்டி நிறுவனம் மறுத்துவிட்டது. தம்பதி கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கிட்டு வென்றனர். மேல்முறையீட்டில் அதிகார வரம்பு பற்றி எந்தத் தரப்பும் வாய் திறக்காதபோதும், உச்ச நீதிமன்றம் தானாகவே அதைக் கையிலெடுத்து, 1908இல் வழக்கைத் தள்ளச் சொன்னது. தம்பதியின் கோரிக்கை வெறும் ஒப்பந்த மீறல். கூட்டாட்சிச் சட்டம் நிறுவனத்தின் எதிர்வாதமாகத்தான் வரவிருந்தது. இரு தரப்பும் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்தவை என்பதால் இரண்டாம் வழியும் இல்லை. ஆக, கீழ் நீதிமன்றத்துக்குத் தீர்ப்புரைக்கும் அதிகாரமே இருக்கவில்லை. அவர்கள் மாநில நீதிமன்றத்தில் முதலிலிருந்து தொடங்கி அங்கும் வென்று, 1911இல் அதே உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். முதுமையில் அந்த இருவரும் பட்ட அலைச்சலை எண்ணினால் எனக்கு மனம் கனக்கிறது. ஆயினும் இல்லாத அதிகாரத்தைத் தரப்பினர் தம் சம்மதத்தால் உண்டாக்க முடியாது என்ற விதியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கை நான் அறியேன்.

இந்த வகை வழக்கை இந்த நீதிமன்றம் கேட்க முடியுமா என்ற இது பொருள்சார் அதிகார வரம்பு. ஆள்சார் அதிகார வரம்பு வேறு: இந்தப் பிரதிவாதியை இந்த நீதிமன்றம் கட்டுப்படுத்த முடியுமா என்பது அது. நீதிமன்றம் அமைந்த மாநிலத்தோடு அவருக்குக் குறைந்தபட்சத் தொடர்பாவது இருக்க வேண்டும் என்ற அளவுகோலை 1945இல் இன்டர்நேஷனல் ஷூ என்ற நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்தது.

1938 முதல் நடப்பிலுள்ள கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகள் இந்த வேறுபாட்டை நடைமுறையில் வைத்துக் காட்டுகின்றன. வழக்குரை, அதாவது பிராது, தாக்கலானதும் வழக்கு தொடங்குகிறது. அதிகார வரம்புக்கான அடிப்படையைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் அதிலேயே சொல்ல வேண்டும். அழைப்பாணை சேர்ந்த பிரதிவாதிக்குப் பதில் தரப் பொதுவாக 21 நாள் அவகாசம். ஆள்சார் ஆட்சேபத்தை முதல் பதிலிலேயே எழுப்பாவிட்டால் அந்த உரிமை போய்விடும். பொருள்சார் குறையை எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம், நீதிபதியே எழுப்பலாம்.

இத்தனை நுட்பத்தை எந்தத் தமிழ்ச் சொல் தாங்கும்? இலங்கைச் சட்டத் தமிழில் ‘நியாயாதிக்கம்’ ஊன்றிவிட்டது. அதிகாரத்தை அது சொல்கிறது, அளவைச் சொல்லவில்லை. ‘ஆள்வரை’ அழகானது, ஆளும் வரை என்று இரண்டையும் சொல்கிறது. ஆனால் ‘ஆள்சார் ஆள்வரை’ என்று எழுதும்போது முதல் ஆள் மனிதராகவும் அடுத்த ஆள் ஆட்சியாகவும் நின்று படிப்பவரைத் தடுக்கிறது. தமிழ்நாட்டில் வழங்கும் ‘அதிகார வரம்பு’ என்பதையே நான் எழுதுகிறேன். வரம்பு வயலின் வரப்புதான். நீரைத் தேக்கி நிறுத்துவதும் அதுவே, அடுத்த வயலுக்குப் பாயாமல் தடுப்பதும் அதுவே. ‘எல்லை’ என்ற சொல்லை நிலத்தைப் பற்றிய இடத்துக்கு, ‘நிலவெல்லை சார்ந்த அதிகார வரம்பு’ என்று, ஒதுக்கிவிடலாம். அதிகாரமுள்ள நீதிமன்றங்களுள் எந்த ஊரில் வழக்கிடுவது என்ற கேள்வியோ தனி. அதற்கு ‘வழக்கிடும் இடம்’ என்பதே போதும்.