டிக் பெட்டிகளைவிட நீளம் பெரிது: பாஸ்வேர்டு மேனேஜர் பரிந்துரையின் உள்கணக்கு

புதிய கணக்கு தொடங்கும் பக்கத்தில் பாஸ்வேர்டுப் பெட்டியைத் தொட்டதுமே, பாஸ்வேர்டுகளை உருவாக்கிச் சேமித்து வைப்பதற்காக பிரவுசரோடு இணைத்திருக்கும் துணைச் செயலி, அதாவது பாஸ்வேர்டு மேனேஜர் எக்ஸ்டென்ஷன், தலைகால் புரியாத ஓர் எழுத்துச்சரத்தை நீட்டுகிறது. பெரும்பாலானோர் சரி என்று அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். அமைப்புகளைத் திறந்து பார்ப்பவர்களுக்கு நீளத்தைக் கூட்டிக் குறைக்க ஓர் அளவுகோல், பெரிய எழுத்து, எண், சிறப்புக்குறி என்று சில டிக் பெட்டிகள், குழப்பும் எழுத்துகளைத் தவிர்க்க ஒரு பெட்டி எல்லாம் இருக்கும். பார்த்தவுடன் கை தானாக எல்லாவற்றையும் டிக் செய்யப் போகும். எவ்வளவு சிக்கலோ அவ்வளவு பாதுகாப்பு என்ற நினைப்புதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பாதிதான் சரி.

முதலில் அந்த எழுத்துகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்கலாம். பிரவுசருக்குள் தாறுமாறு எண்களைத் தர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விளையாட்டுகளுக்கும் அனிமேஷனுக்கும் போதுமான சாதாரண வழி. அது கொடுத்த சில எண்களைப் பார்த்தவர், அடுத்து வரப்போவதைக் கணித்துவிடலாம். இன்னொன்று, இயங்குதளம் திரட்டி வைத்திருக்கும் கணிக்க முடியாத தகவலிலிருந்து எடுக்கும் கிரிப்டோ வழி, அதாவது ரகசியக் குறியாக்கத்துக்கு ஏற்றது. ஒழுங்கான எக்ஸ்டென்ஷன் இரண்டாவதைத்தான் தொடும். இதில் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் காஸ்பர்ஸ்கி பாஸ்வேர்டு மேனேஜரின் பழைய பதிப்பு ஒரு பாடம். லெட்ஜர் நிறுவனத்தின் டோன்ஜோன் ஆய்வுக் குழு 2021இல் வெளியிட்ட விவரப்படி, கணினிக் கடிகாரம் காட்டும் விநாடியைத்தான் அது விதையாக, அதாவது கணக்கைத் தொடங்கும் எண்ணாக, வைத்திருந்தது. ஒரே விநாடியில், ஒரே அமைப்பில் உலகில் யார் கேட்டாலும் ஒரே பாஸ்வேர்டுதான் வரும். பத்தாண்டுக்குச் சுமார் 31.5 கோடி விநாடிகள், ஆக அத்தனை பாஸ்வேர்டுகள்தான். கணினிக்கு இது ஒன்றுமே இல்லை. எழுத்துகள் ஓடி ஓடி நிற்பதுபோல் திரையில் ஓர் அனிமேஷன் காட்டியதால், இந்தக் கூத்து யார் கண்ணிலும் படவில்லை. பிறகு சரிசெய்துவிட்டார்கள்.

நல்ல எண் கிடைத்தாலும் வேலை முடியவில்லை, அதை எழுத்தாக மாற்ற வேண்டும். எண்கள் பைட் பைட்டாக வரும், ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரை ஏதோ ஓர் எண். ஆங்கிலச் சின்ன எழுத்து 26, பெரிய எழுத்து 26, எண் 10, ஆக மொத்தம் 62. பைட்டை 62ஆல் வகுத்து மீதியை எடுத்தால் போதாதா? போதாது. 256இல் 62 நான்கு முறை போய் 8 மிஞ்சும். அந்த மிச்சத்தால், வரிசையில் முதல் எட்டு எழுத்துகளுக்கு ஐந்து வாய்ப்பு, மற்றவற்றுக்கு நான்குதான். பகடை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அதனால் 248, அதற்கு மேல் எது வந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு பைட்டைக் கேட்பதுதான் முறை.

இப்போது டிக் பெட்டிகளுக்கு வருவோம். ஒரு பாஸ்வேர்டின் பலத்தைப் பிட் கணக்கில் சொல்வார்கள். ஒரு பிட் கூடினால் தேட வேண்டிய எண்ணிக்கை இரட்டிப்பாகும். 62 எழுத்திலிருந்து ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்தால் கிடைப்பது 5.95 பிட். 16 எழுத்துக்கு 95 பிட். விநாடிக்கு ஒரு லட்சம் கோடி முறை முயலும் இயந்திரத்துக்குக்கூட அத்தனையையும் தேடி முடிக்க 100 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். (அதே இயந்திரத்துக்கு எட்டுச் சின்ன எழுத்து முழுதாக ஒரு விநாடிகூடத் தாங்காது.)

சரி, சிறப்புக்குறியையும் சேர்த்தால்? உதாரணத்துக்கு பிட்வார்டன் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் பயன்படுத்தும் சிறப்புக்குறிகள் எட்டுதான். 62 என்பது 70 ஆகிறது. ஓர் எழுத்துக்குக் கூடுவது 0.18 பிட், 16 எழுத்துக்கும் சேர்த்து மூன்று பிட்கூட இல்லை. நீளத்தை ஒரே ஓர் எழுத்து கூட்டினால் ஆறு பிட் வந்துவிடும். குழப்பும் எழுத்துகளைத் தவிர்ப்பதும் இப்படித்தான். சின்ன எல், பெரிய ஐ, 1, பெரிய ஓ, 0 ஆகிய ஐந்தையும் நீக்கினால் 16 எழுத்தில் இழப்பது இரண்டு பிட்தான். 17ஆவது எழுத்தைச் சேர்த்தால் போனது திரும்பி வந்து மிச்சமும் நிற்கும்.

ஆக இந்தப் பெட்டிகளால் பலம் பெரிதாகக் கூடிவிடுவதில்லை. தளங்கள் போடும் நிபந்தனைகளுக்கும், சில இடங்களில் கையால் தட்ட வேண்டியிருப்பதற்கும் வளைந்து கொடுக்கத்தான் அவை. வளைவதால் வரும் இழப்பை நீளம் ஈடுகட்டிவிடும்.

நிபந்தனை என்றால் 'ஓர் எண்ணாவது இருக்க வேண்டும்' என்பது மாதிரி. அந்த 62 எழுத்திலிருந்து முழுக்கத் தாறுமாறாக எடுத்த 12 எழுத்துப் பாஸ்வேர்டுகளில் நூற்றுக்குச் சுமார் 12இல் எண்ணே இருக்காது. தளம் அவற்றைத் திருப்பி அனுப்பிவிடும். இதற்காகத்தான் 'குறைந்தது இத்தனை எண்' என்ற அமைப்பு. கடைசியில் ஓர் எண்ணை ஒட்டிவிடுவது சோம்பேறித்தனம், மனிதர்கள் செய்வதும் அதுவே என்பதால் திருடர்கள் முதலில் தேடும் இடமும் அதுதான். ஒழுங்கான நிரல், எந்தெந்த இடத்தில் எண் வர வேண்டும் என்பதையும் குலுக்கித்தான் முடிவு செய்யும். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், இப்படிக் கலவை விதி போடாதீர்கள், 64 எழுத்தையாவது அனுமதியுங்கள் என்று 2017இலேயே சொல்லிவிட்டது. கேட்காத தளங்கள் இன்னும் ஏராளம்.

தளத்தின் விதி எக்ஸ்டென்ஷனுக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலும் தெரியாது. பக்கத்தை எழுதியிருக்கும் குறிமொழியான எச்டிஎம்எல்லைப் படித்து, இது புதிய பாஸ்வேர்டுக்கான பெட்டி என்ற குறிப்பு இருக்கிறதா, இரண்டு பெட்டிகள் அடுத்தடுத்து இருக்கின்றனவா என்று பார்த்து ஊகிக்கிறது. விதியையே பெட்டியில் எழுதி வைக்க 'பாஸ்வேர்ட்ரூல்ஸ்' என்ற குறிப்பை ஆப்பிள் 2018இல் கொண்டுவந்தது. எழுதி வைக்கும் தளங்கள் குறைவு என்பதால், முரண்டுபிடிக்கும் தளங்களின் விதிகளைத் தொகுத்து 2020இல் பொதுவில் வெளியிட்டது.

இதில் மாட்டிக்கொள்ளும் விதம் ஒன்று உண்டு. ஒரு பெட்டியில் 16 எழுத்துதான் உச்சவரம்பு என்று வையுங்கள். 20 எழுத்தை ஒட்டினால் பிரவுசர் சத்தமில்லாமல் 16ஆக வெட்டிவிடும். எக்ஸ்டென்ஷன் நேரடியாக நிரப்பும்போதோ அந்த வரம்பு வேலை செய்யாது, 20ம் உள்ளே போகும், சர்வர் அதை மறுக்கலாம் அல்லது வெட்டிச் சேமிக்கலாம். வெட்டிவிட்டால், பாஸ்வேர்டு மேனேஜர் எல்லாவற்றையும் பூட்டி வைக்கும் பெட்டகத்தில் ஒன்று, தளத்தில் வேறொன்று. மறுநாள் உள்ளே நுழைய முடியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். புதுக் கணக்கு தொடங்கியதும் ஒரு முறை வெளியேறி மறுபடி நுழைந்து பார்த்துவிடுவது நல்லது.

கையால் தட்ட வேண்டிய இடங்கள் வேறு கதை. டிவியில் ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடுபவருக்கு, சிறப்புக்குறிக்காக விசைப்பலகையை மாற்றுவதுபோல் எரிச்சல் வேறில்லை. அதற்குச் சின்ன எழுத்து மட்டும் 20 வைத்தால் போதும், 94 பிட். ஆப்பிள் தரும் பரிந்துரையே இந்த யோசனையில் செய்ததுதான். 20 எழுத்து, ஆறு ஆறாக மூன்று கொத்து, நடுவில் இரண்டு கோடு. உச்சரிக்க வருகிற மாதிரி அசைகள், ஒரே ஒரு பெரிய எழுத்து, ஒரே ஓர் எண். மொத்தம் 71 பிட், அதாவது முழுக்கத் தாறுமாறான 12 எழுத்துக்குச் சமம். மீதி எட்டு எழுத்தை விரல்களின் வசதிக்காகவே செலவழித்திருக்கிறார்கள். என் பார்வையில் இது நல்ல பேரம்.

மனப்பாடமாக வேண்டியது பெட்டகத்தைத் திறக்கும் முதன்மைப் பாஸ்வேர்டு மட்டும். அதற்குச் சொற்களைக் கோக்கும் தேர்வு இருக்கும். இணைய உரிமைகளுக்காக இயங்கும் இஎஃப்எஃப் அமைப்பின் 2016ஆம் ஆண்டுப் பட்டியலில் 7776 சொற்கள், ஐந்து பகடைகள் காட்டக்கூடிய அத்தனை கோலங்களுக்கும் ஒவ்வொன்று. ஒரு சொல்லுக்கு 12.9 பிட், ஆறு சொல்லுக்கு 77. சொற்களைக் கருவியே பொறுக்க வேண்டும். பிடிக்கவில்லை என்று மாற்றி மாற்றிக் கேட்டு, அழகாக வந்ததை எடுத்துக்கொண்டால் அந்த 77 அப்படியே இருக்காது.

இன்னொன்று, அமைப்பை மாற்றினால் அது இனி உருவாகும் பாஸ்வேர்டுகளுக்கு மட்டும்தான். பெட்டகத்தில் ஏற்கெனவே கிடக்கும் எட்டெழுத்துப் பழசுகள் தாமாக நீளாது, ஒவ்வொரு தளமாகப் போய்த்தான் மாற்ற வேண்டும்.