திரையில் எத்தனை பேர்?

ஒரு மாணவி 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறாள். மேலெண்களைத் தனியாகவும் கீழெண்களைத் தனியாகவும் கூட்டிவிட்டாள். அவள் ஒருத்திக்கு மட்டுமான இணைய வகுப்பு என்றால், பலகையில் அந்த 5 விழும்போதே ஆசிரியர் பார்த்துவிடுவார். “அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால், அரையைவிடக் குறையுமா?” இந்த ஒரு கேள்வி போதும், அவளே அழித்துவிடுவாள். பத்துப் பேர் இருக்கும் வகுப்பில் அதே 5, கேமராவின் பார்வைக்குக் கீழே நோட்டில் கிடக்கும். அடுத்த கணக்குகளும் அதே தவறான வழியில் போகும்.

ஆள் கூடக்கூட, தவறு நேர்வதற்கும் அது ஆசிரியர் கண்ணில் படுவதற்கும் இடைப்பட்ட நேரம் நீள்கிறது. ஒரு படி அடுத்த படியைத் தாங்கும் கணிதத்தில் இது பெரிய இழப்பு. நேரடி வகுப்பில் ஆசிரியர் பெஞ்சுகளுக்கிடையே நடந்தபடியே எல்லா நோட்டுகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுவார். இணையத்தில் அதற்கு வழியில்லை. ஒரே நேரத்தில் இருவர் பேசினால் இருவர் பேச்சும் புரியாது. 60 நிமிடத்தைப் பத்துப் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 6 நிமிடம். பாடம் விளக்கும் நேரத்தை அதிலும் கழிக்க வேண்டும்.

தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர், சுமார் 30 பேர் கொண்ட வழக்கமான வகுப்பில் 98 சதவீதம் பேரை முந்துகிறார் என்று 1984இல் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் எழுதினார். மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைச் சொல்லும் அளவான திட்டவிலக்கத்தில், அது இரண்டு அலகு முன்னேற்றம். தனிப்பயிற்சி, சிறுகுழுப் பயிற்சி பற்றிய 96 ஆய்வுகளை 2020இல் தொகுத்தபோது கிடைத்த சராசரி முன்னேற்றம் 0.37 திட்டவிலக்கம்தான். பள்ளிக் கல்வியில் அதுவும் கணிசமான பலனே.

அப்படியானால் ஒருவருக்கு ஒருவர் என்பதுதான் ஒரே வழியா? இல்லை என்றே நினைக்கிறேன். ஸ்பெயினில் 12 முதல் 15 வயது மாணவர்களுக்கு, இருவர் இருவராக, எட்டு வாரம் இணையத்தில் கணிதம் கற்பித்தார்கள். தேர்வு மதிப்பெண் 0.26 திட்டவிலக்கம் உயர்ந்தது. இருவர் என்றால் ஆசிரியரின் பார்வை சிதறுவதில்லை. கூடவே, கேட்பதற்கு இன்னொரு மாணவரும் கிடைக்கிறார். ஆனால் இருவரின் நிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேகமானவர் விடையைச் சொல்லிவிடுவார், மற்றவர் எழுதிக்கொள்வார்.

சரியாக அமைந்த இணையில் நடப்பது வேறு. முன்பு 2/5 எழுதிய மாணவி இப்போது தோழிக்கு விளக்குகிறாள். “கீழெண்ணை ஏன் கூட்டக்கூடாது?” என்று தோழி கேட்கிறாள். அவளிடம் பதில் இல்லை. ஆசிரியர் வாய் திறக்காமல் காத்திருக்கிறார். சற்று நேரம் கழித்து அவள் பலகையில் ஒரு செவ்வகம் வரைந்து, அதை ஆறு துண்டுகளாகப் பிரிக்கத் தொடங்குகிறாள்.