உமிழ்வு ஒடுக்கம்: 'இன்ஹிபிஷன்' என்பதைத் தடை என்று எழுதலாமா?

நானோ ஒளியியலில் 'ஸ்பான்டேனியஸ் எமிஷன் இன்ஹிபிஷன்' என்ற தொடர் அடிக்கடி தலைகாட்டும். முதல் இரண்டு சொல்லில் சிக்கல் இல்லை. கிளர்வுற்ற அணு, யாரும் தூண்டாமலே ஒளியை விட்டுவிட்டுக் கீழ்நிலைக்கு இறங்குவது தன்னியல்பு உமிழ்வு. தகராறு மூன்றாவதில்தான். 'இன்ஹிபேரே' என்ற லத்தீன் வினைக்குப் பிடித்து நிறுத்துவது என்று பொருள், அதை நம்பிப் பலரும் 'தடை' என்று போட்டுவிடுகிறார்கள்.

ஆனால் உள்ளே நடப்பது வேறு. அணு எவ்வளவு வேகமாக ஒளியை விடும் என்பது அதன் கையில் மட்டும் இல்லை, சுற்றியுள்ள இடத்தில் அந்த அதிர்வெண்ணுக்கு எத்தனை அலைப்பாங்குகள் (அலை அங்கே நிலவக்கூடிய வடிவங்கள்) இருக்கின்றன என்பதையும் பொறுத்தது. தகுந்த ஒத்ததிர்வியில் (குறிப்பிட்ட அதிர்வெண் அலையைத் தேக்கிவைக்கும் அமைப்பில்) உமிழ்வு வேகமாகும் என்று 1946இல் இயற்பியலாளர் பர்செல் சொன்னார். 1987இல் யாப்லோனோவிச் அதைத் தலைகீழாக்கினார்: ஒளியின் அலைநீள அளவில் சீராகத் திரும்பத் திரும்ப வரும் முப்பரிமாண அமைப்பில், ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் வரம்புக்குள் எந்தத் திசையிலும் அலை செல்ல முடியாது, அதனால் உள்ளிருக்கும் அணுவுக்கு ஒளியைக் கொட்ட இடமே கிடையாது. அதே ஆண்டில் சஜீவ் ஜானும் தனியே இத்தகைய அமைப்புகளுக்கு வந்து சேர்ந்தார். அந்த வரம்புக்கு ஒளிப்பட்டை இடைவெளி என்றும், அமைப்புக்கு ஒளியியல் படிகம் என்றும் பெயர்.

சரி, அப்படியென்றால் உமிழ்வு பூஜ்யமா? முடிவில்லாத படிகத்தில், ஆம். கையில் கிடைப்பதோ சில மைக்ரோமீட்டர் துண்டு. வெளியிலிருக்கும் அலைகள் அதற்குள் கொஞ்சம் ஊடுருவும். ஆழம் கூடக்கூட அடுக்குக்குறி வேகத்தில் தேயுமே தவிர, முழுதாக மறையாது. அதனால் நடுவில் இருக்கும் அணுவின் உமிழ்வு நன்றாக ஒடுங்கும், விளிம்பில் இருப்பதன் உமிழ்வு அவ்வளவாக ஒடுங்காது. படிகத்தில் இடும் துளைகளின் அளவு பிசகினால் இன்னும் கசியும். தவிர, படிகப் பொருளுக்கும் துளையிலுள்ள காற்றுக்கும் இடையே ஒளிவிலகல் எண்களின் விகிதம் போதாவிட்டால் இடைவெளியே திறக்காது: வைர அமைப்புக்குச் சுமார் 2 வேண்டும், தலைகீழ் ஓப்பல் அமைப்புக்கு (அடுக்கிய கோளங்களின் இடத்தில் காற்றுக் குழிகள் இருப்பது) சுமார் 2.8. சிலிக்கான் தாங்கும், சாதாரணக் கண்ணாடி தாங்காது. அப்புறம், அணு ஆற்றலை வெப்பமாக இழக்கும் வழியைப் படிகம் மூடுவதில்லை.

2011இல் சிலிக்கான் படிகத்துக்குள் குவாண்டம் புள்ளிகளை (அணுவைப் போல ஒளியை விடும் நுண்துகள்களை) வைத்து அளந்தபோது, இடைவெளிக்குள் சிதைவு வீதம், அதாவது கிளர்நிலையிலிருந்து இறங்கும் வேகம், பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆக, இது அளவு உள்ள ஒரு செயல். 'ஒடுக்கம்' என்பதுதான் பொருந்தும். வேதியியல்காரர்கள் அதை ஆக்சிஜனேற்றத்தின் எதிர்ச்சொல்லாக எடுத்துக்கொண்டுவிட்டதால், 'உமிழ்வு ஒடுக்கம்' என்று சேர்த்தே எழுதுவது நல்லது. 'பத்து மடங்கு ஒடுக்கம்' என்றால் புரிகிறது, 'பத்து மடங்கு தடை' என்றால் என்னவென்று எடுத்துக்கொள்வது?