தேர் வடம் ஏன் வானத்தில் பறந்தது?

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தை அனிமேஷனாகச் செய்துகொண்டிருக்கும் பாளையங்கோட்டை மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சார், வடத்தைப் புள்ளி புள்ளியா வச்சு நடுவுல ஸ்பிரிங் கோத்தேன். நனைஞ்ச நூல் மாதிரி தொங்குது. விறைப்பைக் கூட்டினா ரத வீதியைத் தாண்டி வானத்துல பறந்துருது."

விறைத்த ஸ்பிரிங் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிரும். நிரலோ நொடிக்கு 60 முறைதான் எட்டிப் பார்க்கிறது. கண்ணை மூடி சைக்கிள் ஓட்டுபவர், எப்போதாவது கண்ணைத் திறந்து ஹேண்டிலை வெட்டித் திருப்புவது போலத்தான். ஒவ்வொரு திருத்தமும் மிஞ்சிப்போகும். இப்போதைய விசையை விட்டுவிட்டு, அடுத்த கணத்தின் விசையோடு ஒத்துப்போகும் நிலையைத் தீர்த்துக் கண்டுபிடித்தால் வடம் தரையில் நிற்கும். கணினி வரைகலை ஆய்வாளர்களான பராஃபும் விட்கினும் 1998-ல் துணிக்கு இதைச் செய்து காட்டினார்கள்.

தொங்கலுக்கு மருந்து, அடுத்தடுத்த துண்டுகள் வளையும்போது எதிர்க்கும் விசை. தடிமன் இரு மடங்கானால் இழுவை எதிர்ப்பு 4 மடங்கு, வளைவு எதிர்ப்போ 16 மடங்கு.

சரி, இனி எனக்குப் பிடித்த இடம்: முறுக்கு. தோட்டத்து ஹோஸின் ஒரு முனையைச் சில சுற்று முறுக்கி, இரு முனைகளையும் மெல்ல நெருக்குங்கள். நடுவில் சட்டென்று ஒரு வளையம் துள்ளும். முறுக்கு வளைவாக மாறிக்கொள்கிறது. ஆனால் வெறும் புள்ளி வரிசைக்கு முறுக்கு என்றால் என்னவென்றே தெரியாது.

வடத்தை ஒரு மெல்லிய கம்பியாக நினைத்து, அதன் முதல் துண்டின்மேல் செங்குத்தாக ஒரு குச்சியை நடுங்கள். அடுத்த துண்டுக்குக் கொண்டுபோகும்போது வளைவுக்கு வேண்டிய அளவே சாய்க்கலாம். கம்பியைச் சுற்றித் திருப்பவே கூடாது. கடைசி வரை போனால் முறுக்கே இல்லாத குச்சி வரிசை கிடைக்கும். கணிதவியலாளர் ரிச்சர்ட் பிஷப் 1975-ல் விளக்கிய சட்டகம் இது. கம்பியின் நெடுக வரைந்த கோடு இந்தக் குச்சியிலிருந்து எத்தனை டிகிரி விலகுகிறது? துண்டுக்கு ஒரே ஓர் எண்! பக்கத்துத் துண்டுகளின் எண்களுக்குள்ள வித்தியாசம்தான் முறுக்கு.

2008-ல் பெர்கூ, கிரின்ஸ்பன் என்ற கணினி வரைகலை ஆய்வாளர்களின் குழுவினர் இன்னொரு தந்திரம் சேர்த்தார்கள். மெல்லிய கம்பியில் முறுக்கு, வளைவைவிட மிக வேகமாகப் பரவும். அதனால் அதன் அதிர்வைத் துரத்தவே வேண்டாம்; குறுக்குவெட்டு வட்டமாகவும் இயல்பிலேயே நேராகவும் உள்ள கம்பியில் மொத்த முறுக்கையும் நீளம் முழுக்கச் சீராகப் பங்கிட்டால் போதும். 'வளையம் போடு' என்று நிரலில் யாரும் எழுதுவதில்லை, அதுவாகவே விழுகிறது. நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் மூலமான கம்பிச் சமன்பாடுகளை ஜெர்மன் இயற்பியலாளர் கிர்க்காஃப் எழுதியது 1859-ல், சினிமாவே பிறக்கவில்லை. "இதனால என்ன லாபம்?" என்று கேட்டு நிதியை வெட்டுகிறவர்கள் அன்று இருந்திருந்தால் அவரையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

தம்பி, தேர் நகரும்போது வடம் விண்ணென்று நிற்கும், முறுக்கு கண்ணில் படாது. தேர் நின்று வடம் தரையில் குவியும் காட்சிக்கு மட்டும் குச்சியிலிருந்து விலகும் அந்தக் கோணத்தைச் சேர்த்துப் பாருங்கள்.