அரசின் பதிவு ஏன் உங்கள் கண்ணில் படுவதில்லை?

ஒரு சுகாதாரத் துறையின் பேஸ்புக் பக்கத்தைப் பத்து லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தடுப்பூசி முகாமின் நேரம் மாறிவிட்டது என்று பதிவு போடுகிறார்கள். பத்து லட்சம் பேருக்கும் போய்ச் சேர்ந்துவிடுமா? சேராது.

நீங்கள் செயலியைத் திறந்ததும் உங்களுக்குக் காட்டத் தகுந்த பதிவுகளையெல்லாம் அல்காரிதம், அதாவது எதை முதலில் காட்டுவது என்று முடிவு செய்யும் கணினிக் கணக்கு, திரட்டுகிறது. இதற்கு இவர் லைக் போடுவாரா, கமெண்ட் எழுதுவாரா, யாருக்காவது பகிர்வாரா, வீடியோ என்றால் எவ்வளவு நேரம் பார்ப்பார் என்றெல்லாம் உங்கள் பழைய பழக்கத்தை வைத்துக் கணித்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, அந்த வரிசையில் காட்டுகிறது. போதாக்குறைக்கு, பக்கங்களின் பதிவுகளைவிட நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று 2018 ஜனவரியில் பேஸ்புக் அறிவித்தது.

முகாம் நேரத்தைப் படித்தவர் அதைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார், லைக் போட மாட்டார். துறையைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. ஆனால் எதிர்வினை எதுவும் இல்லாததால் அல்காரிதத்தின் கணக்கில் அது சப்பென்ற பதிவு, அடுத்தவருக்கு இன்னும் கீழே போய்விடும். சண்டை மூட்டும் பதிவுக்கோ கமெண்ட் குவியும். 2017-இல் கோப முகம் உட்பட எமோஜிகளுக்கு லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்பை பேஸ்புக் கொடுத்திருந்தது, கோபத்துக்கான மதிப்பைப் பிறகுதான் குறைத்தது. இதெல்லாம் 2021-இல் பேஸ்புக்கின் உள் ஆவணங்கள் வெளியானபோதுதான் நமக்குத் தெரிந்தது.

அமைச்சகங்களும் நாடாளுமன்றங்களும் இந்தக் கணக்குக்கு ஏற்பத் தங்களை மாற்றிக்கொள்கின்றன. உலர்ந்த அறிவிப்பு குட்டி வீடியோவாகிறது, அதில் தலைவரின் முகம் பெரிதாகிறது, எதிரணிக்கு ஒரு குத்தும் சேர்ந்துகொள்கிறது. மக்களுக்குத் தேவையான தகவல் எங்கோ நான்காவது வரியில் கிடக்கிறது. எனக்கு இது பெரிய கவலை.

அதைவிடப் பெரிய சிக்கல், இந்தத் தளங்கள் அரசுக்குச் சொந்த இடம் அல்ல, வாடகை இடம் என்பது. செய்தி நிறுவனங்களுக்கு பேஸ்புக் போன்ற தளங்கள் பணம் தரவேண்டும் என்ற சட்டம் ஆஸ்திரேலியாவில் வரவிருந்தபோது, 2021 பிப்ரவரி 18 அன்று பேஸ்புக் அங்கே செய்திகளை முடக்கியது. அதோடு சேர்ந்து வானிலை ஆய்வு மையம், மாநில சுகாதாரத் துறைகள் ஆகியவற்றின் பக்கங்களும் வெறுமையாகிவிட்டன. தவறுதலாக நடந்தது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள், சரி. ஆனால் நாட்டில் கொரோனா தடுப்பூசி தொடங்க சில நாட்களே இருந்த நேரம் அது!

ஜெர்மனி, நெதர்லாந்து அரசுகள் மாஸ்டடான் என்ற திறந்த தளத்தில் சொந்த சர்வர் நடத்துகின்றன. அங்கே பின்தொடர்பவருக்குப் பதிவுகள் நேர வரிசையில் அப்படியே வரும், மதிப்பெண் விளையாட்டு கிடையாது. கூட்டம்தான் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் தொடங்கிய மாஸ்டடான் சர்வரை 2024-இல் மூடிவிட்டது. அதனால் எந்த அறிவிப்பையும் முதலில் சொந்த இணையதளத்தில் முழுமையாகப் போட்டு, அதன் இணைப்பை மட்டும் சமூக ஊடகங்களில் பகிர்வதே சரி என்பேன். வெள்ளம், புயல் என்றால் செல் பிராட்காஸ்ட் இருக்கிறது: யாரையும் பின்தொடர வேண்டாம், கணக்கும் வேண்டாம், அந்த வசதி உள்ள போன் டவர் எல்லைக்குள் இருந்தாலே எச்சரிக்கை வந்துவிடும்.