படுவான்கரையில் பொழுது பட்டதும் ரேடியோவுக்கு என்ன நடக்கிறது?

மட்டக்களப்புப் பெரியகல்லாற்றில் எங்கள் வளவுக்குள் கிணற்றடித் தென்னையிலிருந்து வேலியோர வேம்பு வரைக்கும் 15 மீட்டர் செப்புக் கம்பி கட்டியிருக்கிறேன். அதன் ஒரு முனை யன்னலால் உள்ளே வந்து, கையடக்கமான ஒரு சிற்றலை ரேடியோவில் முடிகிறது. பின்னேரம் நாலு மணிக்கு அதை மத்திய அலையில் போட்டால் இரைச்சல்தான். ஆனால் வாவிக்கு அங்கால், மேற்குக் கரையான படுவான்கரையில் சூரியன் இறங்கி, கொஞ்சம் இருட்டியதும் அதே இடத்தில் தமிழ்நாட்டு நிலையங்கள் ஒவ்வொன்றாக மேலே வரத் தொடங்கும். நான் எதையும் மாற்றவில்லை, கம்பியும் அதே கம்பி, பெட்டியும் அதே பெட்டி. மாறியது எங்கள் தலைக்கு மேலே இருக்கிற வானம்.

சூரியனின் புறஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் உயர வளியில் உள்ள அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிய்த்து விடுகின்றன. அப்படி இலத்திரன்கள் கட்டற்றுத் திரியும் பகுதிதான் அயன மண்டலம். அதன் அடித்தட்டு, 60 முதல் 90 கிலோமீட்டர் வரை இருப்பது, டி அடுக்கு. அங்கே வளி இன்னும் கொஞ்சம் அடர்த்தி, அதனால் ரேடியோ அலை வந்து ஓர் இலத்திரனை ஆட்டினால் அது பக்கத்து மூலக்கூறில் போய் முட்டி, அலை கொடுத்த சக்தியை வெப்பமாக்கித் தொலைத்துவிடும். பகலில் மத்திய அலையை விழுங்குவது இதுதான். மேலே, ஏறத்தாழ 300 கிலோமீட்டரில் இருக்கும் எஃப் அடுக்கில் வளி மிக மெல்லியது, முட்டுவதற்கு ஆள் குறைவு. அங்கே அலை சக்தியை இழக்காமல் வளைந்து திரும்பவும் பூமிக்கு வருகிறது. பொழுது பட்டதும் டி அடுக்கின் இலத்திரன்கள் சட்டென்று அயன்களோடு சேர்ந்து மறைந்துவிடும், எஃப் அடுக்கில் உள்ளவையோ விடியும் வரை தாக்குப்பிடிக்கும். விழுங்குகிறது போய்விட்டது, திருப்பி அனுப்புகிறது நிற்கிறது. மாலையில் நான் கேட்கிற மாற்றம் முழுக்க இவ்வளவுதான்.

பொழுதுபோக்காக ரேடியோவில் ஆளுக்காள் கதைப்பதும் கேட்பதும்தான் அமெச்சூர் வானொலி. அது என்றால் பெரிய கோபுரம், அறை நிறையக் கருவிகள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணம் எவ்வளவு பேரைக் கிட்ட வரவிடாமல் செய்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு மனவருத்தம். கிழமையில் இரண்டு நாள், அரை மணித்தியாலம் கேட்டாலே போதும். முதலில் 7 மெகாஹேர்ட்ஸ் பக்கம் போங்கள். சனி ஞாயிறு காலையில் அங்கே இந்திய அமெச்சூர்கள் கதைத்துக்கொண்டிருப்பார்கள், சில வேளை தமிழிலேயே. இங்கிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 600 கிலோமீட்டர், பூமியின் வளைவு நடுவில் மறைக்கும், ஆனால் அந்தக் குரல் நிலத்தோடு வரவில்லை. 300 கிலோமீட்டர் மேலே போய் இறங்கி வருகிறது, அதற்கு எடுப்பது மூன்று மில்லிசெக்கன்.

சாதாரண ரேடியோவில் அவர்களைப் பிடித்தால் ஒன்றும் விளங்காது. முதல் நாள் அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன மனே, ரேடியோக்குள்ள தாரா கத்துது?" என்றார். சரியான வர்ணனை அது, வாத்துக் கத்துகிற மாதிரியேதான் இருக்கும். வழமையான ஒலிபரப்பில் குரலோடு சேர்த்து அதைச் சுமக்கும் காவி அலை ஒன்றையும் அனுப்புவார்கள், சக்தியில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். அமெச்சூர்கள் அந்தக் காவியையும், அதன் இரு பக்கமும் போகும் குரலின் இரண்டு பிரதிகளில் ஒன்றையும் வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் அனுப்புகிறார்கள். அதனால்தான் 100 வாட்ஸில் கடல் கடந்து கதைக்க முடிகிறது. வெட்டிய காவியை உங்கள் ரேடியோ தானே உண்டாக்கிச் சேர்க்க வேண்டும், எஸ்எஸ்பி (SSB, ஒற்றைப் பக்கப்பட்டை) என்று பொத்தான் உள்ள பெட்டிதான் அதைச் செய்யும். பொத்தானை அழுத்தி, சின்னத் திருகியை மெல்ல மெல்லத் திருப்பத் திருப்ப, கத்திக்கொண்டிருந்த தாரா மனிதக் குரலாக மாறும் அந்த ஒரு கணம் இருக்கிறதே, எத்தனை தரம் கேட்டாலும் எனக்கு அலுக்கவில்லை.

இந்தச் சிற்றலையின் அருமையைக் காட்டித் தந்தவர்களும் பொழுதுபோக்குக்காரர்கள்தான். 1912 இல் அமெரிக்கச் சட்டம் 200 மீட்டரும் அதற்குக் குறைந்த அலைநீளங்களும் போதும் என்று அமெச்சூர்களை ஒதுக்கியது, தூரம் போகாத அலைகள் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. 1923 நவம்பரில் அவர்கள் ஏறத்தாழ 110 மீட்டரில் அமெரிக்காவிலிருந்து பிரான்சோடு இருவழியாகத் தொடர்புகொண்டு காட்டினார்கள்.

எங்கள் இடத்துக்கென்று ஒரு விசேஷம் உண்டு. பூமியின் காந்தப் புலம் நிலத்துக்குச் சமாந்தரமாக ஓடும் இடங்களை இணைக்கும் காந்த மத்திய கோடு இந்தியாவின் தென்முனைக்கும் எங்களுக்கும் கிட்டவாகப் போகிறது. கேரளத்தில் உள்ள தும்பாவை ரொக்கெட் ஏவத் தேர்ந்தெடுத்து 1963 நவம்பர் 21 இல் முதல் ரொக்கெட்டை அங்கிருந்து விட்டதும் அதனால்தான். பகலில் இந்தக் கோட்டுக்கு மேலே உள்ள இலத்திரன்கள் ஊற்று மாதிரி உயர எழும்பி, காந்தக் கோடுகளில் சறுக்கி வடக்கேயும் தெற்கேயும் குவிகின்றன. பொழுது பட்டதும் எஃப் அடுக்கு இன்னும் உயர்ந்து, அதற்குள் பெரிய பெரிய குமிழிகள் கிளம்பும். அப்படிப்பட்ட இரவுகளில் தூரத்துக் குரல்கள் காற்றில் சீலை அடிக்கிற மாதிரிப் படபடக்கும். பெட்டி பழுது என்று முதலில் நினைத்து விட்டேன், அது வானம்.

145 மெகாஹேர்ட்ஸ் போன்ற உயர்ந்த அதிர்வெண்கள் எஃப் அடுக்காலும் வளைக்க முடியாமல் நேரே வெளியே போய்விடும். அதில்தான் விண்வெளி நிலையத்தைக் கேட்கலாம். 145.800 இல் சில வேளைகளில் வீரர்கள் பாடசாலைப் பிள்ளைகளோடு கதைப்பார்கள், சில நாட்களில் படங்களும் அனுப்புவார்கள். ஒரு தடவை கடக்க அதிகமாய்ப் பத்து நிமிடம். கிட்ட வரும்போது அதிர்வெண் மூன்று கிலோஹேர்ட்ஸுக்குக் கொஞ்சம் கூடவும், விலகும்போது அதே அளவு குறைவாகவும் கேட்கும். கோயிலடியால் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும் பஸ்ஸின் சத்தம் எங்களைக் கடந்ததும் தணிகிறதே, அதே விஷயம்.

அப்புறம், கதைக்க ஆசை வந்தால் அனுமதிப்பத்திரம் வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் சித்தியடைந்தால் 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக் குறி உங்களுக்குக் கிடைக்கும். யுத்த காலத்தில் எங்கள் பக்கம் வளவுக்குள் இப்படிக் கம்பி கட்ட யாருக்கும் துணிவு வந்திராது. 2004 சுனாமியில் தொடர்புகள் அறுந்தபோது அமெச்சூர்கள் அம்பாந்தோட்டையையும் கொழும்பையும் சிற்றலையால் இணைத்தார்கள். அதே கடல்தான் எங்கள் கரையையும் அழித்தது, எங்கள் ஊரில் ஒருவரிடமாவது ஒரு பெட்டி இருந்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

கம்பி விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. கேட்பதற்கு எந்த நீளமும் ஆகும். ஒலிபரப்பும் இருமுனைக் கம்பிக்கு 143 ஐ மெகாஹேர்ட்ஸால் பிரியுங்கள், 7.1 க்கு 20 மீட்டர், நடுவில் வெட்டி இரண்டு பத்து. பெரிய எதிரி வீட்டுக்குள்ளேதான், மலிவான எல்இடி பல்பும் போன் சார்ஜரும் போடும் இரைச்சலில் சென்னையே மூழ்கிவிடும். மெயின் சுவிட்சை ஒருக்கால் நிறுத்தி, பற்றரியில் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். மழை இடி கிட்ட வருமுன்னே கம்பியைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும். இன்னொன்று உப்புக் காற்று: போன கிழமை 7 மெகாஹேர்ட்ஸ் விட்டு விட்டுக் கேட்டது, யன்னலடி மூட்டைப் பிரித்துப் பார்த்தால் செப்பெல்லாம் பச்சை பிடித்திருந்தது. அரத்தாளால் பளபளக்கத் தேய்த்து, ஈயம் பற்றவைத்து, டேப் சுற்றினேன். அன்று இரவு இந்தோனேசியக் குரல் ஒன்று பக்கத்து வளவில் நின்று கதைக்கிற மாதிரிக் கேட்டது.